சொந்த ஊரிலேயே வேற்றாளாக உணர்பவர்களுக்கு

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், 11 வருஷம் வெளியில் இருந்த நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தேன். வந்த முதல் வாரமே சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் கூடி அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் அப்பாவுக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்தேன். இருபது பேருக்கு மேல் இருந்த கூடத்தில் எல்லாருடைய கண்களும் மூடியிருந்தன, சித்தியுடையதைத் தவிர. எங்கள் குடும்பத்திலேயே பக்தியில் கறாரானவர் என்று பெயர் எடுத்த சித்தி, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனித்ததும் ஒரு நொடி பார்வை நின்றது. அப்புறம் இரண்டு பேருமே கண்ணை மூடிக்கொண்டோம். அதைப் பற்றி அடுத்த 2 வருஷம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த 2 வருஷத்தை நான் வீணாக்கினேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்தியும் கட்டுப்பாடும் ஊறிய ஊரில் பிறந்து, அதில் ஒட்ட முடியாமல், அதை விட்டுப் போகவும் முடியாமல் இருப்பவர்களுக்கு, நான் செய்து பார்த்து உதவியவற்றைச் சொல்கிறேன். எந்த மதம், எந்த ஊர் என்பது இதற்குத் தேவையில்லை. வெவ்வேறு மதத்துக் குடும்பங்களில் பிறந்த நண்பர்களோடு பேசியிருக்கிறேன், வலி ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் பாதுகாப்பு

மனசில் இருப்பதை வெளியே சொல்லலாமா என்று யோசிப்பதற்கு முன், சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். நீங்கள் சாப்பிடும் சாப்பாடும் படிக்கும் படிப்பும் அவர்கள் பணத்தில் நடக்கிறது என்றால், அல்லது வீட்டில் கை ஓங்குபவர் ஒருவர் இருக்கிறார் என்றால், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். மறைப்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1948இல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவு, ஒருவர் தன் மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் மனசில் நடப்பது தப்பு இல்லை என்று தெரிந்துகொள்ள அது நல்லது. ஆனால் மதத்தை விட்டு விலகுவதைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்றும் இருக்கின்றன. சட்டம் அனுமதித்தாலும் வீடு அனுமதிக்காத இடங்கள் அதைவிட அதிகம்.

அதற்குள் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், நகல் வேறொருவரிடம் இருக்கட்டும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, சின்னத் தொகையாவது அதில். திடீரென்று ஓர் இரவு கிளம்ப வேண்டி வந்தால் கதவைத் தட்டக்கூடிய ஒரு வீடு. இவை தேவைப்படாமலே போகலாம். ஆனால் இவை இருக்கின்றன என்ற நினைப்பே குரலில் இருக்கும் பதற்றத்தைக் குறைத்துவிடும்.

எது ஒட்டவில்லை என்று எழுதிப் பாருங்கள்

'எனக்கு இந்த ஊரே ஒட்டவில்லை' என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அது ரொம்பப் பெரிது. ஒரு மாதம் ஒரு சின்ன நோட்டில், மனசு சுருக்கென்று ஆன ஒவ்வொரு தடவையும் எழுதினேன். யார் சொன்னது, எங்கே, என்ன வார்த்தை, நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன. நாலு வரிக்கு மேல் போகவில்லை.

மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது 31 குறிப்புகள் இருந்தன. கடவுளைப் பற்றியவை 6 மட்டும்தான். மீதியெல்லாம் வேறு. 'இன்னும் கல்யாணம் ஆகலையா' என்ற கேள்வி, நான் யாரோடு நின்று பேசினேன் என்று வீட்டுக்கு வந்த செய்தி, பெரியவர்கள் பேசும்போது பெண்கள் கருத்துச் சொன்னால் வரும் அந்த அமைதி, வேறு மதத்துக்காரர்களைப் பற்றி என் முன்னால் சர்வசாதாரணமாகச் சொல்லப்பட்ட பேச்சு. இத்தனை நாளும் நம்பிக்கை இல்லாததுதான் என் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். உண்மையில் என்னைக் குத்தியது கண்காணிப்பும், ஆளைத் தாழ்த்திப் பேசும் பழக்கமும்தான். அவை பக்தி உள்ள பலரையும் குத்துகின்றன என்பது பிறகு தெரிந்தது.

உங்கள் நோட்டில் வேறு கணக்கு வரலாம். நம்பிக்கைதான் மையம் என்று வந்தால் அதுவும் சரி, அப்போது எதை எதிர்கொள்கிறீர்கள் என்பதாவது தெளிவாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுதியவுடன் மனசு லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தங்கள் ஆழமான காயங்களைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், 4 நாள் எழுத வைத்தார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் போயிருந்தது. பலன் அடுத்து வந்த மாதங்களில்தான் தெரிந்தது. எனக்கும் முதல் வாரம் அழுகைதான் வந்தது. நோட்டைப் பூட்டி வையுங்கள், அல்லது எழுதி எண்ணிவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அமைதியாக இருப்பவர்கள் எல்லாம் ஆமோதிப்பவர்கள் என்று எண்ணாதீர்கள்

இந்த ஒன்றை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மணமான இளைஞர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. பெண்கள் வெளியில் வேலைக்குப் போக அனுமதிக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டபோது 100க்கு 87 பேர் சரி என்றார்கள். ஆனால் அதே இடத்தில் இருந்த மற்றவர்களில் எத்தனை பேர் சரி என்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய 4இல் 3 பங்கினர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். பக்கத்துப் பகுதிக்காரர்கள், ஒருவரை ஒருவர் ஓரளவு அறிந்தவர்கள். ஒவ்வொருவரும் மற்றவர்தான் கறார் என்று நினைத்துக்கொண்டு தானும் கறாராக நடந்துகொண்டார்கள். உண்மையான எண்ணிக்கையைச் சொன்னதும், மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்தவர்கள் அதிகமானார்கள்.

இதைப் படித்த அன்று நான் நினைத்துப் பார்த்தது எங்கள் கூடத்தைத்தான். நான் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்த யாரும் என்னைப் பக்தை என்றுதானே எண்ணியிருப்பார்கள்? அப்படியானால் அங்கே மூடியிருந்த மற்றக் கண்களைப் பற்றி எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அதற்காக ஊரே ரகசியமாக உங்கள் பக்கம் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலோர் மனசார நம்புபவர்கள்தான், அதற்கு மரியாதை உண்டு. தேட வேண்டியது கூட்டத்தை இல்லை, ஒரே ஓர் ஆளை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோடுகளின் நீளத்தைக் கேட்டபோது, முன்கூட்டியே சொல்லி வைத்த ஆட்கள் எல்லாரும் வேண்டுமென்றே தப்பான பதிலைச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர், ஏறக்குறைய 3இல் ஒரு தடவை, கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து தப்புச் சொன்னார். சரியான பதிலைச் சொல்லும் இன்னொருவர் கூட இருந்தபோது அந்தத் தடுமாற்றம் கால்வாசியாகக் குறைந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த இன்னொருவர் கூட்டத்தைவிடப் பெரிய தப்பான பதிலைச் சொன்னபோதும் இவருக்குத் தைரியம் வந்தது. கூட இருப்பவர் நம்மைப் போலவே நினைக்க வேண்டியதில்லை. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் ஒருவராக இருந்தால் போதும்.

அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? 'நீங்கள் நம்புகிறீர்களா' என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், கவனியுங்கள். ஒருவரைப் பற்றி எல்லாரும் சேர்ந்து கெட்டதாகப் பேசும்போது பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்புபவர் யார்? கேலியில் சேராமல் எழுந்து உள்ளே போகிறவர் யார்? ஓடிப் போனார், விலகிப் போனார் என்று ஊர் ஒதுக்கிய ஒருவரைப் பற்றி, 'இப்ப எப்படி இருக்கானாம்?' என்று தணிந்த குரலில் விசாரிப்பவர் யார்? அவர்களோடு ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். முகத்துக்கு முகம் உட்கார்ந்து வராத பேச்சு பக்கத்தில் உட்கார்ந்தால் வரும்.

சித்தியோடு அப்படித்தான் நடந்தது. அப்பாவின் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். நான் எதையும் கேட்கவில்லை. 'அன்னைக்கு நீங்க சுவரைப் பாத்துட்டிருந்தீங்க சித்தி, எனக்கு ஞாபகம் இருக்கு' என்று மட்டும் சொன்னேன். அவர் கையில் இருந்த வேட்டியின் ஓரத்தை விரலால் நீவி நீவிச் சரி செய்தார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. அப்புறம் சொன்னார்: 'சின்னவன் போனதுலேர்ந்து நான் கண்ணை மூடறதில்லடி. அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல.'

சின்னவன் என் தம்பி முறை, 9 வயதில் காய்ச்சலில் போனவன். சித்திக்குக் கடவுள் இருக்கிறார் என்பதில் ஒரு துளி சந்தேகம் கிடையாது. அவரோடு பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். எனக்கோ பேச அங்கே யாரும் இல்லை. இரண்டும் ஒன்றே அல்ல. ஆனாலும் அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் நான் தனியாக உட்காரவில்லை.

எதற்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது

ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் புதிதாக யோசித்தால் ஆள் களைத்துப் போவோம். ஒரு தடவை உட்கார்ந்து கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். என் கோடு இது: உடம்பைத் தருவேன், வாக்கைத் தரமாட்டேன். போவேன், உட்காருவேன், எல்லாரும் எழுந்தால் எழுவேன். ஆனால் நம்பாத உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்லமாட்டேன். யாரையாவது தாழ்த்தும் பேச்சுக்குத் தலையாட்டமாட்டேன். உங்கள் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். சிலருக்கு அங்கே போய் உட்காருவதே மூச்சு முட்டும், அவர்கள் வெளி வேலையை ஏற்றுக்கொள்ளலாம். வண்டி ஓட்டுவது, வயதானவர்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஆள் இருக்கிறார் என்பதும் தெரியும், உள்ளே இருக்கவும் வேண்டாம்.

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் வரும், பதிலுக்குப் பதில் வரும், கடைசியில் கூடம் முழுக்க நம்மைத் திருத்த உட்கார்ந்துவிடும். நான் சொல்வது இவ்வளவுதான்: 'எனக்கு வேண்டாம் அத்தை, நீங்க செய்ங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்.' சிரித்த முகமாக, அதே வாக்கியத்தை மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டி வரும். நாலாவது தடவை பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

கோட்டுக்குள் வராத ஒன்று எனக்கு வந்தது. அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அவர் தினமும் வாசிக்கும் வேதப் புத்தகத்தை என்னை வாசிக்கச் சொன்னார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நம்பாததை வாயால் சொல்லமாட்டேன் என்றுதானே முடிவு? ஆனால் இது என் வாக்கு இல்லையே, அவருக்காக நான் கண்ணாக இருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன். அவர் வலது கை ஆள்காட்டி விரல் வரிக்குக் கீழே ஊர்ந்து வரும். எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பக்கம் மனப்பாடம். நான் அவசரப்பட்டு ஒரு வரியை விழுங்கினால் விரல் நின்றுவிடும், தாளில் இரண்டு தட்டு தட்டுவார். திரும்பிப் போய் வாசிப்பேன். நான் நம்புகிறேனா என்று அவர் கேட்டதே இல்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

வாதம் செய்யக் கூடாத இடங்கள்

24 வயதில், சாவு வீடு ஒன்றில், 'கடவுள் அழைத்துக்கொண்டார்' என்று ஒருவர் சொன்னதற்கு, 'நேரத்துக்கு டாக்டர்கிட்ட கூட்டிப் போயிருந்தா இருந்திருப்பார்' என்று சத்தமாகச் சொன்னேன். நான் சொன்னது உண்மை. இறந்தவரின் மனைவி நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் முகம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. நான் போய் மன்னிப்புக் கேட்டது 3 வருஷம் கழித்து. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சாவு வீட்டிலும் நோயாளி பக்கத்திலும் எந்தக் கருத்தும் வேண்டாம். பெரியவர் ஒருவரை அவருடைய பேரன் பேத்திகள் முன்னால் தோற்கடிக்கவும் வேண்டாம். அங்கே நீங்கள் ஜெயித்தாலும் அந்த வீட்டு வாசல் மூடிவிடும். ஆனால் ஒரு குழந்தையையோ பெண்ணையோ துன்புறுத்துவதற்கு மதத்தைக் காரணமாகக் காட்டினால் இந்த அடக்கம் எதுவும் பொருந்தாது. அங்கே குரல் உயரத்தான் வேண்டும்.

'நீ நம்புறதில்லையா?' என்று நேராகவே கேட்பவர்கள் உண்டு. தெரிந்துகொள்ளக் கேட்பவர் தனியாக இருக்கும்போது கேட்பார். மாட்டிவிடக் கேட்பவர் கூட்டத்தில் கேட்பார். முதலாமவருக்கு உண்மையைச் சொல்லலாம். இரண்டாமவருக்கு, 'அதை இன்னொரு நாள் தனியாப் பேசலாம் மாமா' என்றால் போதும். அந்த இன்னொரு நாளுக்கு அவர் வரமாட்டார்.

உங்களுக்கென்று ஒரு வாரச் சந்திப்பு

அப்பா மருத்துவமனையில் இருந்த 9 இரவுகளும் அவருடைய வழிபாட்டுக் கூட்டத்தார் முறை வைத்துக்கொண்டு துணைக்குப் படுத்தார்கள். நான் கேட்கவே இல்லை, பட்டியலோடு வந்து நின்றார்கள். என்னைப் பற்றி முணுமுணுத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஊரைப் பற்றி எனக்குள் இருந்த கசப்பு அந்த இரவுகளில் பாதி கரைந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது: எனக்கு முடியாமல் போனால் யார் வந்து படுப்பார்கள்?

அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பதற்குப் பெரிய காரணம் அங்கே கிடைக்கும் நட்புகள்தான் என்று சொல்கிறது. நம்பிக்கை போனவர்கள் இழப்பது அந்தத் தவறாத சந்திப்பை. அதை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், அதே ஆட்கள். நேரில் முடியாவிட்டால் போனில். 'எப்பவாவது பேசலாம்' என்பது இதற்கு உதவாது, பேசுவதற்கு விஷயம் இல்லாத வாரத்திலும் பேச வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தபோது மற்றவர்கள் முறை வைத்துப் போனோம்.

போவதா இருப்பதா

ஸ்பினோசா என்ற தத்துவஞானியை 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாமின் யூதச் சமூகம் விலக்கி வைத்தது. அவருக்கு அப்போது வயது 23. யாரும் அவரோடு பேசக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று கட்டளை. தன்னந்தனியாகக் கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் என்றே நானும் அவரைக் கற்பனை செய்திருந்தேன். பிறகு தெரிந்தது, அவருக்கு நெருங்கிய நண்பர் வட்டம் இருந்தது, கடிதப் போக்குவரத்து இருந்தது. கொலேருஸ் என்ற பாதிரியார் 1705இல் எழுதிய வரலாற்றின்படி, ஹேக் நகரில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுப் பெண்மணி, தன் மதத்தில் இருந்தே தனக்குக் கதி கிடைக்குமா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். உங்கள் மதம் நல்லதுதான், வேறு தேட வேண்டாம், அமைதியாக வாழுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னாராம். துரத்தப்பட்டவர், கசப்பில்லாமல் ஒரு பக்தையின் வீட்டில் குடியிருந்திருக்கிறார். போனாலும் இருந்தாலும் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இந்த முடிவை ஆயுளுக்கும் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். சண்டை போட்ட இரவில் எடுக்கவே எடுக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள், அன்று நோட்டை எடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். போன வருஷத்தைவிட நான் குறைவாகப் பொய் சொல்கிறேனா? என்னை உள்ளபடி தெரிந்த ஓர் ஆளாவது பக்கத்தில் இருக்கிறாரா? என் உடம்பு நன்றாகத் தூங்குகிறதா? இரண்டுக்கு மேல் 'இல்லை' என்று வந்தால் கிளம்புவதற்கான வேலையைத் தொடங்கலாம். அப்படிக் கிளம்புவது துரோகம் இல்லை.

இந்த வருஷம் என் நோட்டில் இரண்டு 'ஆமாம்', ஒரு 'இல்லை'. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு வாசிப்பதில் இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருக்கிறது.